தீயணைப்பு நுரையும் ஒரு துண்டறிக்கையும்

கேள்வி இதுதான்: “அமெரிக்காவில் எங்கள் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் அனுப்பிய துண்டறிக்கையில் ‘தூய நீர்நிலைகள், பொதுப் பாதுகாப்பு, முன்னாள் படைவீரர் நலன்’ என்று மூன்றையும் ஒரே வரியில் போட்டிருக்கிறார். மூன்றுக்கும் என்ன சம்பந்தம்? ஓர் உறுப்பினரால் இதில் நிஜமாகவே என்ன செய்ய முடியும்? செய்தாரா என்று எப்படிப் பார்ப்பது?”

பல துண்டறிக்கைகளில் சம்பந்தம் ஒன்றும் இருக்காது. யாரும் முகம் சுளிக்காத மூன்று சொற்களைச் சேர்த்து அடித்திருப்பார்கள். ஆனால் உங்கள் தொகுதிக்குள் விமானப்படைத் தளமோ கடற்படைத் தளமோ இருந்தால், அல்லது ஒரு காலத்தில் இருந்திருந்தால், விஷயம் வேறு. அங்கே ஆற்றைக் கெடுத்ததும், தீயணைப்பு வீரரின் ரத்தத்தில் ஏறியதும், முன்னாள் சிப்பாயை மருத்துவமனைக்கு அலைய விட்டதும் பெரும்பாலும் ஒரே பீப்பாயிலிருந்து வந்தவை. தீயணைப்பு நுரையின் பீப்பாய். அதை வைத்தே பதில் சொல்கிறேன். இடத்துக்கு மிச்சிகன் மாநிலத்தின் ஆஸ்கோடா ஊரை எடுத்துக்கொள்கிறேன்.

விமான எரிபொருள் பற்றிக்கொண்டால் வெறும் தண்ணீர் உதவாது. எரிபொருள் தண்ணீர்மேல் மிதந்து எரிந்துகொண்டே இருக்கும். 1960-களில் அமெரிக்கக் கடற்படையும் 3எம் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய நுரை இதற்கு வழி கண்டது. 3 பங்கு நுரைக்கரைசல், 97 பங்கு தண்ணீர். நுரையிலிருந்து வடியும் நீர் எரிபொருளின் மேல் பால் ஏடுபோலப் படர்ந்து ஆவியை அடைத்துவிடும். 1967-ல் ஃபாரஸ்டல் விமானந்தாங்கிக் கப்பலில் தீயும் வெடிப்பும் 134 பேரைக் கொன்ற பிறகு, கப்பல்களிலும் தளங்களிலும் இந்த நுரை நிலையான சாமானாகிவிட்டது. உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது, அதை மறுக்க முடியாது. அந்த ஏட்டைப் படர வைப்பது பிஎஃப்ஏஎஸ் எனப்படும் ஃப்ளூரின் வேதிப்பொருள் குடும்பம். கார்பன்–ஃப்ளூரின் பிணைப்பு வெயிலுக்கும் உடையாது, நுண்ணுயிருக்கும் உடையாது.

மண்ணை அதிகம் கெடுத்தது விபத்துகளைவிடப் பயிற்சிதான். ஒரு குழியில் எரிபொருளை ஊற்றிக் கொளுத்துவார்கள், நுரை அடித்து அணைப்பார்கள், மறுபடி கொளுத்துவார்கள். இப்படிப் பல தளங்களில் பத்தாண்டுக் கணக்கில் நடந்தது. குழிக்குக் கீழே பெரும்பாலும் வெறும் மண். ஆஸ்கோடாவில் அது மணல், பெய்ததெல்லாம் நேரே நிலத்தடி நீருக்குப் போய்விடும்.

அந்த ஊர் ஹூரான் ஏரிக்கரையில், ஓ சேபிள் ஆறு ஏரியில் கலக்கும் இடத்தில் இருக்கிறது. பக்கத்தில் பி-52 குண்டுவீச்சு விமானங்கள் நின்ற வர்ட்ஸ்மித் விமானப்படைத் தளம். 1993-ல் மூடிவிட்டார்கள். 1977-லேயே தளத்தின் குடிநீரில் டிரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பான் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. பிஎஃப்ஏஎஸ் 2010-ல் தெரியவந்தது. 2012-ல் கிளார்க்ஸ் சதுப்பு நிலத்து மீனைச் சாப்பிடாதீர்கள் என்றார்கள். 2018 அக்டோபரில் அந்தச் சதுப்பைச் சுற்றி 5 மைலுக்குள் சுட்ட மானையும் சாப்பிடாதீர்கள் என்று மாநிலம் அறிவித்தது. வான் எட்டன் ஏரிக்கரையில் காற்றடிக்கும் நாட்களில் வெள்ளை நுரை ஒதுங்கும். குழந்தைகளும் நாய்களும் அதைத் தொடக் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள்.

அந்த ஊரை உள்ளடக்கிய தொகுதியின் பிரதிநிதிகள் அவை உறுப்பினராக 2013-லிருந்து, தொகுதி எல்லை மாறிய 2023 ஜனவரி வரை இருந்தவர் டான் கில்டி, ஜனநாயகக் கட்சி. 2025 ஜனவரியில் ஓய்வு பெற்றார். 2019 ஜனவரியில் அவரும் பென்சில்வேனியாவின் குடியரசுக் கட்சிக்காரர் பிரையன் ஃபிட்ஸ்பாட்ரிக்கும் சேர்ந்து காங்கிரஸுக்குள் ஒரு பிஎஃப்ஏஎஸ் பணிக்குழுவை அமைத்தார்கள். ஃபிட்ஸ்பாட்ரிக்கின் தொகுதிப் பக்கத்திலும் பழைய கடற்படை விமானத் தளங்களால் கிணறுகள் கெட்டிருந்தன. இரண்டு கட்சி, ஒரே தண்ணீர். இப்படிப்பட்ட குழுவுக்குச் சட்ட அதிகாரம் எதுவும் கிடையாது. எந்த மசோதாவில் எந்த வாசகத்தைச் சேர்ப்பது என்று முன்கூட்டியே ஒத்துப்போவதுதான் அதன் வேலை. ஆனால் காரியம் நடப்பது அங்கேதான்.

புதிதாகப் பார்ப்பவர்கள் தடுமாறும் இடம் இதற்கு அடுத்தது. நல்ல பெயர் வைத்த தனி மசோதா பெரும்பாலும் செத்துப்போகும். பிஎஃப்ஏஎஸ் நடவடிக்கைச் சட்டம் என்று மிச்சிகனின் டெபி டிங்கல் கொண்டுவந்த மசோதா, 2020 ஜனவரியில் பிரதிநிதிகள் அவையில் 247–159 என்று நிறைவேறியது. 2021 ஜூலையில் மறுபடி 241–183. இரண்டு முறையும் செனட்டில் முடங்கியது. அதே காலத்தில் அதே பொருளைப் பற்றிய பல வாசகங்கள் சட்டமாயின. ஏனென்றால் அவை வேறு வண்டியில் ஏறிப் போயின. ஆண்டுதோறும் வரும் தேசியப் பாதுகாப்பு அனுமதிச் சட்டம்தான் அந்த வண்டி. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு வருடம்கூடத் தவறாமல் நிறைவேறும் மசோதா அது. ராணுவச் சம்பள உயர்வு அதற்குள் இருப்பதால் எதிர்த்து நிற்கப் பலருக்கும் தயக்கம். நீர்நிலை பற்றிப் பேசும் உறுப்பினர் எந்த வண்டியில் ஏற்றினார் என்று முதலில் பாருங்கள்.

2019 டிசம்பர் 20-ல் கையெழுத்தான 2020 நிதியாண்டுப் பாதுகாப்பு அனுமதிச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 324-ஆம் பிரிவு பயிற்சிக்கு இந்த நுரையைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. 322-ஆம் பிரிவு ஃப்ளூரின் இல்லாத நுரைக்கு 2023 ஜனவரி 31-க்குள் புதிய தர விவரணை வெளியிட வேண்டும் என்று கடற்படைக்குச் சொன்னது. பழைய நுரையை 2023 அக்டோபர் 1-க்குப் பின் வாங்கக் கூடாது, 2024 அக்டோபர் 1-க்குப் பின் தளங்களில் பயன்படுத்தக் கூடாது என்றது. 707-ஆம் பிரிவு ராணுவத் துறையின் தீயணைப்பு வீரர்களுக்கு 2020 அக்டோபர் 1 முதல் ஆண்டுப் பரிசோதனையில் பிஎஃப்ஏஎஸ் ரத்தப் பரிசோதனையையும் சேர்த்தது. 332-ஆம் பிரிவு, ஒரு மாநில ஆளுநர் கேட்டால் பாதுகாப்புத் துறை சுத்திகரிப்பு ஒப்பந்தத்தை விரைந்து முடிக்க வேண்டும், ஓராண்டில் முடியாவிட்டால் காரணத்தைக் காங்கிரஸுக்கு எழுத வேண்டும் என்றது. மாநில அளவுகோல் கூட்டாட்சி அளவுகோலைவிடக் கடுமை என்றால் கடுமையானதே பொருந்தும்.

இந்தக் கடைசி வரியின் எடை ஆஸ்கோடாவில் தெரியும். மிச்சிகன் 2020 ஆகஸ்டிலேயே குடிநீருக்குத் தன் வரம்புகளை வைத்துவிட்டது: பிஎஃப்ஏஎஸ் குடும்பத்தைச் சேர்ந்த பிஎஃப்ஓஏ என்ற பொருளுக்கு லட்சம் கோடியில் 8 பங்கு, பிஎஃப்ஓஎஸ் என்ற பொருளுக்கு 16 பங்கு. ஏரி, ஆறுகளில் பிஎஃப்ஓஎஸ்ஸுக்கு 12 பங்கு. அப்போது கூட்டாட்சி அரசிடம் இருந்தது சட்ட வலு இல்லாத ஓர் ஆலோசனை அளவு மட்டும், இரண்டும் சேர்த்து 70. விமானப்படை 70-ஐ வைத்துக்கொண்டு பேசும், மாநிலம் 12-ஐ வைத்துக்கொண்டு பேசும். நடுவில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். 332 இந்த இழுபறிக்கு எழுதப்பட்ட வரி. அதன் குறையும் தெரிந்ததே: காலக்கெடு தவறினால் ‘அறிக்கை கொடு’ என்று இருக்கிறதே தவிர, தண்டனை எதுவும் இல்லை. தண்டனை இல்லாத காலக்கெடுவை அலுவலகங்கள் எப்படி மதிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் சட்டத்தில் விடுபட்டதையும் பார்க்க வேண்டும். பிஎஃப்ஏஎஸ்ஸை ‘அபாயப் பொருள்’ என்று அறிவித்து, கெடுத்தவரிடமே செலவை வசூலிக்கும் வாசகம் பிரதிநிதிகள் அவையின் வடிவில் இருந்தது. இரு அவைகளின் வடிவங்களை ஒன்றாக்கும் பேச்சில் அது உதிர்ந்தது. பிறகு சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024-ல் பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் இரண்டுக்கு மட்டும் தன் விதியாகவே அதைக் கொண்டுவந்தது. விதியாக வந்ததை இன்னொரு நிர்வாகம் விதியாலேயே மாற்றலாம், சட்டத்தை அப்படி மாற்ற முடியாது. குடிநீர் வரம்பில் இதற்கான முயற்சி தொடங்கியது. 2024 ஏப்ரலில் பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் இரண்டுக்கும் தலா 4 பங்கு (லிட்டருக்கு 4 நானோகிராம்) என்று வரம்பு வைத்து 2029-ஐக் கெடுவாக்கினார்கள். 2025 மே மாதத்தில் இந்த இரண்டை வைத்துக்கொண்டு கெடுவை 2031-க்குத் தள்ளப்போவதாகவும், மற்ற சில பிஎஃப்ஏஎஸ்களின் வரம்பைத் திரும்பப் பெறப்போவதாகவும் அறிவித்தார்கள். ‘தூய நீருக்காகப் போராடினேன்’ என்பவரிடம், அந்த எண்ணைச் சட்டத்திலேயே எழுத முயன்றாரா என்று கேட்கலாம்.

பொதுப் பாதுகாப்பு. துண்டறிக்கையில் இந்தச் சொல்லுக்குப் பெரும்பாலும் காவல்துறைக்கு வாங்கிக்கொடுத்த மானியம் என்று பொருள். அதை விட்டுவிடுகிறேன், நுரைக்கே வருவோம். ராணுவத்தின் நுரைத் தரத்தையே சிவில் விமான நிலையங்களும் பின்பற்ற வேண்டியிருந்தது. 2018-ல் விமானப் போக்குவரத்துச் சட்டத்தின் 332-ஆம் பிரிவு (எண் தற்செயலாக ஒன்றே, சட்டம் வேறு), விமான நிலையங்களிடம் ஃப்ளூரின் நுரையைக் கட்டாயமாகக் கேட்கக் கூடாது, மூன்றாண்டுக்குள் விதியை மாற்றிக்கொள் என்று கூட்டாட்சி விமான நிர்வாகத்துக்குச் சொன்னது. 2021 அக்டோபர் 4 வந்தது. கூட்டாட்சி விமான நிர்வாகம் ‘ஃப்ளூரின் கட்டாயமில்லை, தீயணைப்புத் திறனில் எங்கள் தரத்தை எட்டினால் போதும்’ என்று சுற்றறிக்கை விட்டது. அந்தத் தரத்தை எட்டும் ஃப்ளூரின் இல்லாத நுரை அன்று ஒன்றுகூட இல்லை. காகிதத்தில் கெடு நிறைவேறியது, தீயணைப்பு வண்டிக்குள் பழைய நுரையே இருந்தது. 2023 ஜனவரியில் கடற்படை எம்ஐஎல்-பிஆர்எஃப்-32725 என்ற புதிய விவரணையை வெளியிட்ட பிறகுதான் மாற்றுக்கு வழி பிறந்தது. தடையின் தேதிக்கு முன்னால் மாற்றுப் பொருளின் தேதியையும் எழுத வேண்டும். 2020 நிதியாண்டுச் சட்டம் இந்தப் பாடத்தைப் படித்துவிட்டு எழுதியதுபோல் இருக்கும்.

அந்தப் புதிய விவரணை நன்னீரில் கலந்து தரையில் பயன்படுத்துவதற்கு மட்டும். கடல்நீரில் கலக்கும் கப்பல்களுக்குச் சட்டமே விலக்கு கொடுத்திருக்கிறது. தளங்களுக்கும் ஓராண்டு வீதம் இரண்டு முறை கெடுவைத் தள்ள இடம் வைத்திருக்கிறது, பாதுகாப்புத் துறை அதைப் பயன்படுத்திக்கொண்டது. காரணம் சோம்பல் மட்டுமல்ல. புதிய நுரை ஏடு படர்த்தாது, தடிமனாகப் போர்த்தித்தான் அணைக்கும். ஆகவே அடிக்கும் முறை, முனைக்குழாய், வீரரின் பயிற்சி எல்லாம் மாற வேண்டும். ஒரு நிறுவனத்தின் நுரையை இன்னொன்றோடு கலந்து ஊற்றக் கூடாது. பழைய தொட்டியை ஒருமுறை அலசிவிட்டுப் புதியதை ஊற்றினால் சுவர்களிலும் குழாய்களிலும் ஒட்டியிருக்கும் பிஎஃப்ஏஎஸ் கசிந்து புதிய நுரையில் கலக்கும். சில வாரம் கழித்துப் பரிசோதித்தால் எண் மறுபடி ஏறியிருக்கும். மூன்று முறை அலசுவது பரவலான வழக்கம், அதுவும் போதாமல் குழாயையே மாற்றிய இடங்கள் உண்டு. அலசிய தண்ணீரைச் சாக்கடையில் விட்டால் ஆற்றுக்குள் மறுபடி போகும், அதைத் தனியே பிடித்து வைக்க வேண்டும். வண்டிக்கு வண்டி ஆகும் இந்தச் செலவுக்குச் சட்டத்தில் பணம் உண்டா என்று பார்ப்பவர்கள் குறைவு.

பணம் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அமெரிக்கக் காங்கிரஸில் ‘அனுமதி’ வேறு, ‘ஒதுக்கீடு’ வேறு. 2024 மே மாத விமானப் போக்குவரத்துச் சட்டம், விமான நிலையங்கள் நுரையை மாற்றிக்கொள்ள 35 கோடி டாலர் வரை மானியத்துக்கு அனுமதி தந்தது. அனுமதி என்பது பாத்திரம் மட்டும். ஒதுக்கீட்டு மசோதா அதில் ஊற்றினால்தான் சோறு. இதற்கு நேர்மாறாக 2021 நவம்பரின் உள்கட்டமைப்புச் சட்டம் பிஎஃப்ஏஎஸ் உள்ளிட்ட புதிய மாசுகளுக்காக ஆயிரம் கோடி டாலரை அதே சட்டத்தில் முன்கூட்டியே ஒதுக்கிவிட்டது: 400 கோடி மாநிலக் குடிநீர்ச் சுழல்நிதி வழியாக, 500 கோடி சிறிய, வசதி குறைந்த ஊர்களுக்கு, 100 கோடி கழிவுநீர்ச் சுழல்நிதி வழியாக. ஓர் உறுப்பினர் ‘35 கோடி கொண்டுவந்தேன்’ என்றும் சொல்வார், ‘ஆயிரம் கோடி கொண்டுவந்தேன்’ என்றும் சொல்வார். இரண்டும் ஒரே இனம் அல்ல.

தொகுதித் திட்ட நிதி என்று தனியாக ஒன்று 2021-ல் திரும்ப வந்தது. உறுப்பினர் தம் ஊருக்குக் குறிப்பிட்ட குழாய், குறிப்பிட்ட சுத்திகரிப்பு நிலையம் என்று பெயர் சொல்லிக் கேட்கலாம். லாப நோக்க நிறுவனத்துக்குக் கேட்கக் கூடாது. நீர்த் திட்டம் என்றால் ஊராட்சி சாதாரணமாக 20 சதவீதத்தைத் தன் பங்காகப் போட வேண்டும். இதில் வெளியே அதிகம் பேசப்படாத ஒரு கணக்கு உண்டு. இந்த நீர்த் திட்டங்களுக்கான பணம் எல்லா மாநிலங்களுக்கும் பகிரப்படும் அதே சுழல்நிதியிலிருந்து கழிக்கப்படுகிறது. சுழல்நிதி கடனாகப் போய்த் திரும்பி வந்து இன்னொரு ஊருக்குப் போகும் பணம். தொகுதித் திட்டமாகப் போனது திரும்பாது. உங்கள் ஊருக்குக் கிடைத்தால் சந்தோஷம்தான், பக்கத்து ஊர் வரிசையில் பின்னால் போயிருக்கும்.

தீயணைப்பு வீரர்களுக்கான சட்டங்களில் இரண்டை ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரண்டும் 2022 டிசம்பரில் வந்தவை. மிச்சிகன் செனட்டர் கேரி பீட்டர்ஸ் கொண்டுவந்தது, பிஎஃப்ஏஎஸ்ஸிலிருந்து வீரர்கள் எப்படித் தற்காத்துக்கொள்வது என்று உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை வழிகாட்டுதலும் பயிற்சியும் தயாரிக்க வேண்டும் என்கிறது. பயனுள்ளது, மென்மையானது. இன்னொன்று 2023 நிதியாண்டுப் பாதுகாப்பு அனுமதிச் சட்டத்துக்குள் போன கூட்டாட்சித் தீயணைப்பு வீரர் நியாயச் சட்டம். குறிப்பிட்ட சில புற்றுநோய்கள் வந்தால் வேலையால்தான் வந்தது என்று அரசே எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. முன்பு எந்தத் தீயில், எந்தப் புகையில் வந்தது என்று நோயாளி நிரூபிக்க வேண்டும். இன்று நிரூபிக்கும் சுமை இடம் மாறிவிட்டது. என் மதிப்பில் ஒரு சட்டத்தின் பலத்தை அளக்க இதைவிட நல்ல கோல் இல்லை: சுமை யார் தோளிலிருந்து யார் தோளுக்கு மாறியது?

முன்னாள் படைவீரர் விஷயம் முழுவதும் இந்தச் சுமையைச் சுற்றியே இருக்கிறது. வட கரோலினாவின் லெஜூன் மரைன் படை முகாமில் 1953 ஆகஸ்ட் முதல் 1987 டிசம்பர் வரை குடிநீரில் டிரைகுளோரோஎத்திலீன், பெர்குளோரோஎத்திலீன், பென்சீன், வினைல் குளோரைடு கலந்திருந்தன. 1982-ல் ஒரு மாதிரியில் டிரைகுளோரோஎத்திலீன் நூறு கோடியில் 1,400 பங்கு. பின்னாளில் வந்த வரம்பு 5. தளத்தில் இருந்தவர்கள், குடும்பங்கள் எல்லாம் சேர்த்துப் பத்து லட்சம் பேர்வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு.

இவர்கள் ஏன் வழக்குப் போடவில்லை? போட முடியவில்லை. பணியின்போது நேர்ந்த தீங்குக்கு ராணுவத்தினர் அரசை வழக்கில் இழுக்க முடியாது என்று 1950-ல் உச்ச நீதிமன்றம் ஃபெரெஸ் வழக்கில் சொல்லிவிட்டது. குடும்பத்தினருக்கோ வட கரோலினாவின் பத்தாண்டு வரம்பு குறுக்கே நின்றது. அந்த வரம்பு நோய் தெரிந்த நாளிலிருந்து எண்ணப்படுவது அல்ல, தீங்கு செய்த கடைசிச் செயலிலிருந்து. முப்பது வருடம் கழித்து வரும் புற்றுநோய்க்கு அது கதவைச் சாத்திவிடுகிறது. நீதிமன்றத்தால் திறக்க முடியாத அந்தக் கதவைத் திறக்கச் சட்டம் இயற்றுபவரால் மட்டுமே முடியும்.

திறந்தது படிப்படியாக. 2012-ல் 15 நோய்களுக்குச் சிகிச்சை தரச் சட்டம் வந்தது, நோயால் இறந்த ஒரு சிறுமியின் பெயரில் அறியப்படுவது. 2017-ல் முன்னாள் படைவீரர் துறை, முகாமில் 30 நாள் இருந்தவருக்குச் சிறுநீரகப் புற்றுநோய், சிறுநீர்ப்பைப் புற்றுநோய், பார்க்கின்சன் உள்ளிட்ட 8 நோய்கள் வந்தால் பணியால் வந்ததாகவே கொள்ளும் என்று விதி போட்டது. வழக்குப் போடும் உரிமை 2022 ஆகஸ்ட் 10-ல் கையெழுத்தான, முன்னாள் படைவீரர் நலனுக்கான பாக்ட் சட்டத்தின் 804-ஆம் பிரிவாக வந்தது. அந்தச் சட்டம் போன பாதையே ஒரு பாடம். செனட்டில் ஜூனில் 84–14 என்று நிறைவேறியது. அதற்குள் ஒரு சிறிய வரி விலக்கு வாக்கியம் இருந்தது, வரி சம்பந்தப்பட்டது பிரதிநிதிகள் அவையில்தான் தொடங்க வேண்டும் என்பது அரசமைப்பு விதி. அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு மறுபடி வாக்கெடுப்பு. ஜூலை 27-ல் 60 தேவைப்பட்ட இடத்தில் 55–42 என்று விழுந்தது. பத்தாண்டில் சுமார் 40,000 கோடி டாலரை எந்தக் கணக்குத் தலைப்பில் வைப்பது என்பதுதான் சண்டை. முன்னாள் படைவீரர்கள் காங்கிரஸ் கட்டடப் படிகளிலேயே இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். ஆகஸ்ட் 2-ல் 86–11.

வரைவில் ஒரு வாக்கியம் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கும் 804-ஆம் பிரிவே சாட்சி. ஜூரி முன் விசாரணை கோரும் எவருடைய உரிமையையும் இது ‘பாதிக்காது’ என்று எழுதியிருந்தார்கள். ‘உண்டு’ என்று எழுதவில்லை. அரசுக்கு எதிரான வழக்கில் ஜூரி உரிமையைச் சட்டம் ஐயமில்லாமல் கொடுத்திருக்க வேண்டும், இது கொடுக்கவில்லை என்று 2024 பிப்ரவரியில் வட கரோலினாவின் கிழக்கு மாவட்ட நீதிபதிகள் தீர்த்தார்கள். வழக்கறிஞர் கட்டணத்துக்கு உச்சவரம்பும் பிரிவில் இல்லை. சட்டம் வந்த கையோடு தொலைக்காட்சி முழுக்க வக்கீல் விளம்பரங்கள் நிறைந்ததற்கு அது ஒரு காரணம். பிறகு நீதித்துறை, வேறொரு சட்டத்தின் 20, 25 சதவீத வரம்புகள் இதற்கும் பொருந்தும் என்று நிலை எடுத்தது. மனு கொடுக்க இரண்டாண்டுக் கெடு 2024 ஆகஸ்டில் முடிந்தபோது 4 லட்சத்துக்கும் மேல் மனுக்கள் கடற்படையிடம் குவிந்திருந்தன. அவற்றைப் பரிசீலிக்க ஆளும் முறையும் முன்கூட்டி அமைக்காமல் உரிமையை மட்டும் கொடுத்ததன் விளைவு அது.

ஆஸ்கோடாவின் முன்னாள் வீரர்களுக்கு லெஜூன் போன்ற பட்டியல் இல்லை. பிஎஃப்ஏஎஸ் கலந்த தளங்களில் பணியாற்றியவர்களுக்குச் சிகிச்சை தர வேண்டும், நோய் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்று கில்டி ஒன்றுக்கு மேற்பட்ட முறை மசோதா கொண்டுவந்தார், சட்டமாகவில்லை. 2024 செப்டம்பரில் முன்னாள் படைவீரர் துறை, பிஎஃப்ஏஎஸ்ஸுக்கும் சிறுநீரகப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை முறைப்படி ஆராயப்போவதாக அறிவித்தது. ஆகவே இன்று அங்கே பணியாற்றியவர் தனியாளாக நிரூபிக்க வேண்டும். பணி விடுப்புச் சான்றான டிடி-214, தீயணைப்புப் பிரிவில் இருந்ததைக் காட்டும் பணிப்பதிவு, நோய்க்கும் அந்த வேதிப்பொருள் உடலில் சேர்ந்ததற்கும் தொடர்பு ‘இருப்பதற்கு இல்லாததற்குச் சமமான வாய்ப்பாவது உண்டு’ என்று காரணத்தோடு எழுதிய மருத்துவர் கடிதம், இம்மூன்றும் வேண்டும். ‘இருக்கலாம்’ என்று மட்டும் எழுதிய கடிதம் நிற்காது. ரத்தப் பரிசோதனை எண்ணும் தனியாக எதையும் நிரூபிக்காது. தேசிய அறிவியல் கழகங்களின் 2022 அறிக்கை மில்லிலிட்டருக்கு 2 நானோகிராமுக்குக் கீழே, 2 முதல் 20, 20-க்கு மேலே என்று மூன்றாகப் பிரித்து யாரை எதற்குச் சோதிக்கலாம் என்று மருத்துவர்களுக்குச் சொல்கிறது. அதன் பயன் அவ்வளவே.

இங்கேதான் உறுப்பினரின் தொகுதி அலுவலகம் கைகொடுக்கும். நீங்கள் கையெழுத்திட்ட தனியுரிமை ஒப்புதல் படிவம் இல்லாமல் எந்தத் துறையும் அவருக்குப் பதில் சொல்லாது. கோப்பு எண்ணோடு கொடுத்தால் துறையிலுள்ள காங்கிரஸ் தொடர்புப் பிரிவு கோப்பு எங்கே நிற்கிறது என்று எழுத்தில் சொல்ல வேண்டும். முடிவை மாற்ற அவரால் முடியாது. தொலைந்த பதிவைத் தேட வைக்கவும், மறந்த கோப்பை மேலே எடுக்க வைக்கவும் முடியும். பிரதிநிதியிடமும் இரண்டு செனட்டர்களிடமும் ஒரே நேரத்தில் கொடுக்காதீர்கள். மூன்று கடிதமும் ஒரே மேசைக்குத்தான் போகும், வேகம் குறையும். விண்ணப்பம் எழுதவே நேரம் எடுக்கும் என்றால் முதலில் 21-0966 என்ற ‘விண்ணப்பிக்கும் எண்ணம்’ படிவத்தைப் போட்டுவிடுங்கள். ஓராண்டுக்குள் முழு விண்ணப்பம் கொடுத்து அது ஏற்கப்பட்டால், பணம் பொதுவாக அந்த முதல் தேதியிலிருந்து கணக்காகும். முன்பே நிராகரித்திருந்தால், புதிய சான்று கிடைத்ததும் 20-0995. துறை அங்கீகரித்த சேவை அலுவலர்கள் இதையெல்லாம் இலவசமாகச் செய்து தருவார்கள். முதல் விண்ணப்பத்துக்கே காசு கேட்பவரிடம் போக வேண்டாம்.

இனி துண்டறிக்கையைச் சரிபார்ப்பது. காங்கிரஸின் அதிகாரபூர்வ இணையதளத்தில் உறுப்பினர் பெயரைப் போட்டு, ‘கொண்டுவந்தவர்’ வேறு, ‘இணைந்து கையெழுத்திட்டவர்’ வேறு என்று பிரித்துப் பாருங்கள். இணைந்த தேதியையும் பாருங்கள். மசோதா நிறைவேறப்போகிறது என்று தெரிந்தபின் கடைசி வாரத்தில் பேர் கொடுத்தவர்களும் உண்டு. ‘சட்டமானது’ என்ற வடிகட்டியை மட்டும் நம்பிவிடாதீர்கள். பெரிய மசோதாவுக்குள் ஏறிப்போன வரிகளின் மூல மசோதா ‘அறிமுகம்’ என்ற நிலையிலேயே நிற்கும். நல்ல வேலை செய்தவர் சும்மா இருந்தவர்போலத் தெரிவார். அதற்குப் பாதுகாப்பு அனுமதிச் சட்டத்தின் திருத்தப் பட்டியலையும், இரு அவைகளும் ஒத்துப்போனபின் வரும் விளக்க அறிக்கையையும் தேட வேண்டும். எது யாருடைய வடிவில் இருந்தது, எது கைவிடப்பட்டது என்று அதில் எழுதியிருக்கும். கடைசி வாக்கெடுப்பையும் பாருங்கள். மொத்த மசோதாவை எதிர்த்து வாக்களித்துவிட்டு, அதற்குள்ளிருந்த தம் ஊர்த் திட்டத்துக்கு ரிப்பன் வெட்டியவர்கள் இரு கட்சியிலும் உண்டு.

அலுவலகத்துக்குத் தொலைபேசினால் ‘தூய நீருக்கு என்ன செய்தார்’ என்று கேட்காதீர்கள், அச்சிட்ட பதில்தான் வரும். எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு எண், அதில் எந்தத் தேதி, ஒதுக்கீட்டு மசோதாவில் எந்த வரியில் எவ்வளவு என்று கேளுங்கள். நிஜமாக அந்த வேலையைப் பார்த்த உதவியாளர் அங்கே ஒருவர் இருந்தால், பிரிவு எண்ணைக் கேட்டதும் அவரிடம் இணைப்பைக் கொடுத்துவிடுவார்கள்.